நேற்றைய எண்ணைப் பார்க்காதவள்

பதிவேட்டைத் திறந்ததும் அம்மா முதலில் செய்வது, நேற்றைய வரியின் மேல் ஓர் அட்டையை வைப்பது. ஏதோ ஒரு சட்டைப் பெட்டியிலிருந்து வெட்டியெடுத்த அட்டை. ஓரமெல்லாம் கை பட்டுக் கறுத்திருக்கிறது. நேற்றும் முந்தாநாளும் அதற்கு முன் வந்த நாட்களும் அதன் கீழே போய்விடும். கண்ணுக்குத் தெரிவது இன்றைய வெற்று வரி ஒன்றுதான். அதன் பிறகே கண்ணாடியைத் துடைப்பாள், பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகுவாள், இரவில் எழுதப்பட்டு வந்த தாளை விரிப்பாள்.

"நேத்து எவ்வளவுன்னு தெரிஞ்சா இன்னைக்குக் கண்ணு பொய் சொல்லும்" என்பாள். "மனசு நேத்து இருந்த இடத்துலயே போய் உக்காந்துக்கும். அப்புறம் இன்னைக்கு வந்தது எது, நாமளா நினைச்சுக்கிட்டது எதுன்னு பிரிக்க முடியாது."

முப்பத்தோரு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் புகைப்படச் சுருளை விளக்குப் பெட்டியின் மேல் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, கண்ணாலேயே வெளிச்சத்தை மதிப்பிடுவார்கள். அப்போது அந்த அட்டைக்கு அவசியம் இருந்தது. பிறகு கருவி வந்தது, எண் தானாக வந்தது, கண்ணுக்கு வேலை போயிற்று. அட்டை மட்டும் போகவில்லை.

மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்கு நகரத்தில் ஓர் அலுவலகம் உண்டு. மூன்றாம் மாடியில் தாழ்வாரக் கோடியில் அவளுடைய அறை. ஒரே ஜன்னல். அதன் திரைக்கயிறு அறுந்து, காகிதக் கவ்விகளைக் கோத்து நீட்டிக் கட்டியிருக்கிறாள். மேசையில் ஒரு திரை, ஒரு கணக்குப் பொறி, பசை காய்ந்த ஒரு குப்பி. பகலெல்லாம் வடக்கு வெளிச்சம் சுவரில் நின்றுகொண்டிருக்கும். அது நகர்வதே தெரியாது. மதியம் பன்னிரண்டு பத்துக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். பன்னிரண்டு மணிக்குத் திறந்தால் எல்லாரும் வந்துவிடுவார்களாம். பன்னிரண்டேகாலுக்குத் திறந்தால் ஆறிவிடுமாம்.

அலுவலகத்தில் அவளுக்குக் கழித்தலம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். "கூட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் மேல் மாடியில இருக்காங்க. கழிக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்பாள். உண்மையில் அவள் வேலை கழித்தல்தான். வானத்தின் ஒரு சின்னத் துண்டு. அதில் அவள் அளக்க வேண்டிய புள்ளி ஒன்று. அதன் பக்கத்தில், என்றைக்கும் மாறாத இரண்டு நட்சத்திரங்கள். மாறாததன் வெளிச்சத்திலிருந்து மாறுவதன் வெளிச்சத்தைக் கழித்தால், காற்றின் தூசியும் கருவியின் கோளாறும் தாமாகவே அடிபட்டுப் போய், அந்தப் புள்ளி அன்று எப்படி இருந்தது என்பது மட்டும் மிஞ்சும்.

மாறாத இரண்டுக்கும் அவள் வைத்த பெயர் பெரிய மாமா, சின்ன மாமா. "எப்பப் போனாலும் அதே நாற்காலி, அதே கேள்வி, அதே முகம். மாமாங்க அப்படித்தான் இருக்கணும். அவங்களும் ஆடினா குடும்பம் என்னத்துக்கு ஆவும்?"

மாறுவதற்குப் பெயர் வைக்கவில்லை. "அது" என்றுதான் சொல்வாள். விஞ்ஞானிகள் அதைப் பிளேசார் என்கிறார்கள். தொலைதூர அண்டம் ஒன்றின் நடுவில் பெரும் கருந்துளை உட்கார்ந்துகொண்டு சுற்றியிருப்பதையெல்லாம் விழுங்குகிறது. விழுங்கும்போது ஒளிப்பீய்ச்சு ஒன்று கிளம்பி நேராக நம் திசையில் வருகிறது. ஒருநாள் பிரகாசம், மறுநாள் மங்கல். சில மாதம் உம்மென்று இருக்கும், பிறகு ஒரே வாரத்தில் நான்கு மடங்காகப் பற்றி எரியும். எப்போது, ஏன் என்று சொல்ல ஆளில்லை. அம்மா இதைத் தபால் கொண்டுவருபவருக்கு ஒரு தரம் விளக்கினாள்.

"நடுவுல ஒரு பள்ளம். கிடைச்சதெல்லாம் முழுங்குது. முழுங்கினா ஏப்பம் வரும் இல்ல? அந்த ஏப்பம் நேரா நம்ம மூஞ்சிக்கு வருது."

"எப்ப வரும்மா?"

"ஏப்பத்துக்கு நேரம் காலம் உண்டா? அதுக்குத்தான் தினமும் ஒரு ஆள் காத்துக்கிட்டு இருக்கோம்."

காத்திருந்தது ஒருவர் அல்ல, இரண்டு பேர். இரவில் மலைமேல் தொலைநோக்கியைத் திருப்பிப் படம் எடுத்தவர் அப்பா. காலையில் அந்தத் தாளை வாங்கிக் கழித்தவள் அம்மா. இரவு ஆட்களை இறக்கிவிடும் வண்டியும் பகல் ஆட்களை ஏற்றிக்கொள்ளும் பேருந்தும் ஒரே தெருமுனையில் ஆறு நிமிட இடைவெளியில் வந்து நிற்கும். அந்த ஆறு நிமிடம்தான் வாரநாட்களில் அவர்களுடைய இல்லறம். அவர் சாப்பாட்டுப் பையை நீட்டுவார், அவள் வீட்டுச் சாவியை நீட்டுவாள். தாள் கை மாறும். பால் வாங்கியாச்சா, குழாய்க்காரன் வந்தானா, பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா.

இரவு அது எப்படி இருந்தது என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது. அது சட்டம். "வாயைத் திறக்காதீங்க. நான் அளந்து தெரிஞ்சுக்கறேன்." அவர் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் பேருந்து கிளம்பும் நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே நின்று, கன்னத்தை உப்பவைத்துக் கண்ணை உருட்டுவார், அல்லது வாயைக் கோணிக்கொண்டு அழுவது போல் நிற்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒருத்தி பல ஆண்டுகள் இதைப் பார்த்துவிட்டு, "பாவம், உங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் புத்தி சரியில்லையோ" என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். "கொஞ்சம் இல்லை" என்றாள் அம்மா.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, மலைக்குப் போகக் காலணி மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். மூளையில் ரத்தக் கட்டி. விடியும் முன் முடிந்துவிட்டது. ஒன்பது நாள் கழித்து அம்மா வேலைக்குத் திரும்பினாள். அந்த நாட்களில் மாற்று ஆள் எடுத்த தாள்கள் மேசையில் சேர்ந்திருந்தன. அட்டையை வைத்தாள், ஒவ்வொன்றாகக் கழித்தாள், எழுதினாள். இப்போது தாள் மின்னஞ்சலில் வருகிறது. தெருமுனைக்கு மட்டும் இன்னும் ஆறு நிமிடம் முன்பாகவே போய் நிற்கிறாள்.

பாலங்களின் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்துவது அவர்களுடைய ஒரே மகளின் தொழில். வெளியூரில் இருக்கிறாள். அம்மாவின் துறைத் தலைவர் கூப்பிட்டதால் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். முப்பத்தோரு ஆண்டு அளவையும் முழுசாகத் தொகுத்து, உலகெங்கும் இதே பிளேசாரைப் பார்க்கிறவர்களுக்கு அனுப்பப் போகிறார்கள். இவ்வளவு நீண்ட, இடைவெளி குறைந்த அளவு வேறு யாரிடமும் இல்லை. முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர் வரும். ஆனால் எல்லாம் பதிவேட்டில், கையெழுத்தில் இருக்கிறது. யாராவது கணினியில் ஏற்ற வேண்டும். வேறு எவர் கையிலும் அம்மா பதிவேட்டைக் கொடுக்கவில்லை.

அம்மா படித்தாள், மகள் தட்டினாள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, ஒரு நாளைக்கு இரண்டு பதிவேடு.

"பதினாலு புள்ளி நாலு ரெண்டு. பதினாலு புள்ளி மூணு ஒன்பது. மேகம். மேகம். பதினாலு புள்ளி ஆறு ஏழு."

இந்தக் கணக்கில் எண் கூடினால் வெளிச்சம் குறைந்தது என்று பொருள். பதினாறை நெருங்கினால் மங்கல், பதினாலு என்றால் பளிச்சென்று. மகளுக்குக் குழந்தையிலிருந்தே தெரிந்த விஷயம். பள்ளியில் மதிப்பெண் கூடியதைச் சொன்னபோதெல்லாம் அப்பா "அய்யோ, மங்கிட்டியா" என்பார்.

அம்மாவின் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அது ஒரே சீராக ஓடும்போது அறையே மெல்ல மிதப்பது போல இருந்தது. மேகம், நிலா, பழுது என்ற மூன்று சொற்கள் மட்டும் நடுநடுவே வந்து தட்டும். எண் இல்லாத இரவுக்கு அந்த மூன்றில் ஒரு காரணம் எழுத வேண்டும். சில எண்களுக்கு முன்னால் அம்மா அரை நொடி நிற்பாள்.

"என்னம்மா?"

"நீ பொறந்த ராத்திரி. பதினாலு புள்ளி ரெண்டு ஆறு. இவர் மலையில இருந்தார். காலையில வந்து உன்னைப் பார்த்துட்டு, 'ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க'ன்னார். பக்கத்துல இருந்த நர்சு, 'இரட்டையா'ன்னு கேட்டுச்சு."

முந்நூறு கோடி ஆண்டுக்கு முன் கிளம்பிய வெளிச்சம் ஒவ்வொன்றும் இந்த அறைக்கு வந்து, ஓர் எண்ணாகி, ஒரு பெண்ணின் வாயிலிருந்து இன்னொரு பெண்ணின் விரலுக்குப் போனது. மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். காதில் விழுந்தது விரலில் வந்தது. பாலத்தின் கீழே தண்ணீர் ஓடும் சத்தத்தை வேலை நடுவே கேட்டுக்கொண்டிருப்பது போல. துக்கம் எங்கேயோ தள்ளி உட்கார்ந்திருந்தது.

பத்தாம் நாள் கடைசிப் பதிவேட்டுக்கு வந்தார்கள்.

"பதினஞ்சு புள்ளி ஆறு ரெண்டு. பதினஞ்சு புள்ளி ஏழு ஒன்பது. பதினஞ்சு புள்ளி எட்டு நாலு. பதினஞ்சு புள்ளி மூணு ஒண்ணு. பதினஞ்சு புள்ளி மூணு சைபர். பதினஞ்சு புள்ளி மூணு ஒண்ணு. பதினஞ்சு புள்ளி மூணு ஒண்ணு. பதினஞ்சு புள்ளி மூணு ரெண்டு."

மகளின் விரல் நின்றது. அம்மாவின் குரலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் தளர்ந்தது.

"படிம்மா."

"பதினஞ்சு புள்ளி மூணு ஒண்ணு" என்றாள் அம்மா, இந்த முறை மெதுவாக. "பதினஞ்சு புள்ளி மூணு சைபர்."

இப்படியே பதினோரு இரவு. பதினோரு எண்ணும் ஒரே எண் என்றே சொல்லலாம். மகள் அதைத் திரையில் கோடாகப் போட்டாள். முப்பத்தோரு ஆண்டுகள் மேலும் கீழுமாக அலைந்துவந்த கோடு, ஓரிடத்தில் வந்து, இழுத்துக் கட்டிய நூல் போல நேராகக் கிடந்தது. அப்புறம் ஒரு நாள் இடைவெளி. அதற்கப்புறம் திரும்பவும் அலைச்சல்.

அந்த நேர்கோட்டை அவளுக்குத் தெரியும். அவள் தொழிலில், கோடு நேராக வந்தால் பாலம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, கருவியின் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். பதினோராவது இரவுக்கு மறுநாள் மாலைதான் அப்பா விழுந்தார்.

"அட்டையை எடுத்துட்டுப் பார்த்திருந்தா மூணாம் நாளே தெரிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. மகளின் நாக்கு நுனியில் இருந்ததும் அந்த வாக்கியம்தான். அம்மா முந்திக்கொண்டாள்.

"அந்த நாட்கள்ல அப்பா எப்படிம்மா இருந்தார்? ஏதாவது வித்தியாசமா?"

"குழம்புல உப்பு அதிகம்னார்."

"அப்படியா?"

"முப்பது வருஷமா சொல்றார்."

ஒவ்வொரு இரவின் படமும் கணினி வட்டில் இருந்தது. கருவி வந்த பிறகு அம்மா படங்களைப் பார்ப்பதில்லை, அவளுக்கு வருவது எண் எழுதிய தாள் மட்டும். மகள் முதல் இரவின் படத்தைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம், அதில் மிளகைச் சிதறியது போலப் புள்ளிகள். நடுவே அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள். இடப்பக்கத்துப் புள்ளியைச் சுற்றி அப்பா வட்டம் போட்டிருந்தார். அது என்று அவர் காட்டிய குறி.

அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையோடு முகம் ஒட்டப் பார்த்தாள்.

"மாமா ரெண்டு பேரும் தலைகீழா நிக்கறாங்க."

பெரிய மாமா எப்போதும் மேலே இருப்பார், இந்தப் படத்தில் கீழே இருந்தார். சின்ன மாமா கிழக்கிலிருந்து மேற்குக்குப் போயிருந்தார். படம் முழுவதும் அரைச்சுற்று திரும்பியிருந்தது. மலையிலிருந்து வந்த கடிதக் கோப்பைப் புரட்டினார்கள். அந்த முதல் நாள் பகலில் கேமராவைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருக்கிறார்கள், தலைகீழாக. மாமாக்களின் வெளிச்சம் பெரியது, எங்கே நின்றாலும் அடையாளம் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் இடப்பக்கத்தது பிளேசார், வலப்பக்கத்தது ஒன்றுமில்லாத ஒரு சாதாரண நட்சத்திரம். படம் திரும்பியதும் இடம் வலமாயிற்று. அப்பாவின் கை முப்பத்தோரு ஆண்டுப் பழக்கத்தில் இடப்பக்கமே போயிருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத மாற்று ஆள், வரைபடத்தைப் பார்த்துச் சரியான புள்ளியில் வட்டம் போட்டிருக்கிறார்.

"பக்கத்து வீட்டுக்காரனை அளந்திருக்கார்" என்றாள் அம்மா. "அதான் ஆடாம அசையாம இருந்திருக்கான்."

மகள் மூச்சை விட்டாள். கம்பி அறுந்தது அப்பாவுக்குள் இல்லை, கேமராவில்தான். அப்படி நினைத்துக்கொள்ள இடம் கிடைத்தது. ஆனால் மாமாக்கள் தலைகீழாக நிற்பதை அம்மா ஒரே பார்வையில் கண்டாள். பதினோரு இரவு அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஏன் காணவில்லை என்று மகள் கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் அதே இடத்தில் இருந்தது.

துறைத் தலைவர் வந்தார். ஒரு காலத்தில் இதே அறையில் மாணவராக உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கியவர். இன்றும் அவரை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள். கூட்டங்களில் மட்டும் மரியாதைக்காகத் தலைவர் தம்பி. கோட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்தினார்.

"இதுக்கு ஏம்மா யோசனை? முப்பத்தோரு வருஷத்துல பதினோரு ராத்திரி. தூசு. அந்த வரியெல்லாம் அடிச்சுட்டு மேகம்னு போட்டுடுங்க. யாரும் கேக்கப் போறதில்ல."

"மேகமா?"

"முதல் பக்கத்துல அவர் பேர் போடறோம். கடைசிப் பக்கத்துல 'குறி தவறு, குறி தவறு'ன்னு வரிசையா வந்தா நல்லாவாம்மா இருக்கும்? உலகம் பூரா போகுது. அவர் பேர் சுத்தமா போகட்டும்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் கஷ்டம். அம்மா மகளைப் பார்த்தாள்.

"எனக்கும் அதுதான் சரின்னு படுதும்மா" என்றாள் மகள்.

"உனக்கா?"

"கடைசிப் பதினோரு நாள்ம்மா. அவர் வேலையோட கடைசி. அதுல போய் தப்புன்னு எழுதணுமா? எழுதினா, படிக்கறவன் ஒவ்வொருத்தனும் அடுத்த வரியைப் பார்ப்பான். அவர் இறந்த தேதியைப் பார்ப்பான். ஓ, ஆளுக்கு அப்பவே முடியலபோலன்னு முடிவு பண்ணிப்பான். அது நமக்கே தெரியாதும்மா. ஊருக்கு எதுக்கு?"

அம்மா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

"ஏண்டி, உன் பாலத்துல கம்பி அறுந்தா, அன்னைக்கு வண்டியே ஓடலன்னு எழுதுவியா?"

மகள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி, உக்காருங்க. அந்தப் பதினோரு நாளும் நான் துணி துவைச்சேன். வெயில் போட்டுத் தாளிச்சுது. வருஷக்கணக்கா மடிச்சு வெச்சிருந்த கனமான போர்வையெல்லாம் எடுத்து அலசினேன், சாயந்தரத்துக்குள்ள அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. ராத்திரி துளி மேகம் இல்ல. அந்த மலைக் குளிர்ல விடிய விடிய நின்னுட்டு, காலையில மூக்கை உறிஞ்சிக்கிட்டு இறங்கி வருவார். மேகம்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? தொலைநோக்கிக் கூடத்தைப் பூட்டிட்டுப் போர்த்திக்கிட்டுத் தூங்கினாருன்னு ஆகும்."

"அப்படி யாரும் நினைக்க மாட்டாங்கம்மா."

"பதிவேடு நினைக்கும். தப்பாப் பார்த்தார். சரி. ஆனா பார்த்தார். வந்த வெளிச்சத்தை வரவே இல்லன்னு நான் எழுத மாட்டேன்."

தலைவர் எழுந்தார். "நாளன்னைக்கு அனுப்பணும்மா" என்றார். வெளியே போய்க் கதவைச் சாத்தியவர், திரும்பத் திறந்து, "நீங்க அந்தக் காலத்துலயும் இப்படித்தான்" என்றார்.

"கழிச்சுதானே பழக்கம். மறைச்சுப் பழக்கமில்ல" என்றாள் அம்மா. கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் காலை அளக்கத் தொடங்கினார்கள். படம் தலைகீழாக இருந்தாலும் படம் படம்தான். பக்கத்து வீட்டுக்காரனைச் சுற்றி அப்பா வட்டம் போட்டிருந்தாலும், தோள் உரசும் தூரத்தில் பிளேசாரும் அதே படத்தில் விழுந்துதான் இருந்தது. அவர் அதைத் தவறவிடவில்லை, பிடித்துக் கொடுத்திருந்தார். குறி மட்டும் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. மகள் ஒவ்வொரு படமாகத் திருப்பி, சரியான புள்ளியில் வட்டம் போட்டாள். அம்மா கழித்தாள்.

முதல் இரவு பதினைந்து புள்ளி ஒன்பது ஏழு. இரண்டாம் இரவு பதினாறைத் தாண்டியது. முப்பத்தோரு ஆண்டில் அது பதினாறைத் தொட்டதே இல்லை. அம்மா அந்த எண்ணை இரண்டாம் முறை கழித்துப் பார்த்தாள், பிறகு கையால் ஒரு முறை. ஏழாம் இரவு பதினாறு புள்ளி நாலு ஒன்று. புள்ளி இருக்கிறதா, அழுக்கா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கல்.

"எங்கடி போச்சு அது?" என்றாள் அம்மா, ஏதோ மாலையில் வீடு திரும்பாத பிள்ளையைக் கேட்பது போல.

"இருக்கும்மா. இதோ."

எட்டாம் இரவிலிருந்து எண் இறங்கத் தொடங்கியது. பத்தாம் இரவு பதினாறுக்குக் கீழே வந்தது. பதினோராம் இரவு பதினைந்து புள்ளி ஐந்து எட்டு. நான்கே நாளில் வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேல். அது திரும்பி எழுந்துகொண்டிருந்தது. அதன் வாழ்நாளில் அவர்கள் பார்த்த ஆழமான பள்ளம், அதிலிருந்து அது ஏறிவரும் முதல் படி எல்லாம் அப்பாவின் படங்களில் இருந்தன. உலகத்தில் வேறு யார் கண்ணும் அந்த நாட்களில் அங்கே இல்லை என்று தலைவர் பிற்பாடு விசாரித்துச் சொன்னார். அப்பாவுக்கே தெரியாது. விடிய விடிய அதற்கு ஒரு விரல் பக்கத்தில் நின்றுவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

"அந்தக் கடைசிக் காலையில எப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டார் தெரியுமா?" என்றாள் அம்மா. "பேருந்து கிளம்புது, இவர் நிக்கறார், நான் பார்க்கறேன். ஒண்ணுமே பண்ணல. தோளைக் குலுக்கினார். எத்தனையோ நாளா அதையேதான் பண்ணினார். எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. கிழவனுக்கு நடிப்பு தீந்துபோச்சுன்னு நினைச்சேன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பகல் ஏறியது. அம்மா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பழைய எண்ணின் மேல் ஒற்றைக் கோடு. அழித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. பக்கத்தில் புதிய எண். குறிப்பு என்ற பத்தியில்: "கேமரா திரும்பியிருந்தது. குறி தவறு. அளந்தவர் கவனிக்கவில்லை. படம் சரி."

"எல்லாத்துக்கும் ஒரே குறிப்புதானே? 'மேற்படி' போட்டுடேன்" என்றாள் மகள்.

"ஒவ்வொரு ராத்திரியும் தனித்தனியா நின்னார்."

பதினோரு வரியிலும் முழுசாக எழுதினாள். கை வலித்தபோது உதறிக்கொண்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. பார்த்தவர், அளந்தவர். பார்த்தவர் கட்டத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அதை அவள் தொடவில்லை. அளந்தவர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் பழையதன் கீழே இன்னொரு முறை போட்டாள். மகள் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றினாள். திரையில் நேர்கோடு துண்டு துண்டாக உடைந்து கீழே சரிந்து, அடியில் கொஞ்சம் புரண்டு, மேலே எழுந்தது.

பதினோராவது வரிக்குக் கீழே அந்த வெற்று வரி இருந்தது. தேதிகூட எழுதாதது. அன்று இரவு மலையில் தொலைநோக்கி திறக்கப்படவில்லை. அடுத்த இரவிலிருந்துதான் மாற்று ஆள். ஒன்பது நாள் கழித்து வந்த அம்மா இந்த ஒரு வரியைத் தாண்டி, அதற்குக் கீழே எழுதத் தொடங்கியிருந்தாள்.

"வெத்து வரியோட அனுப்பக் கூடாது" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

தேதி எழுதினாள். எண் பத்தியில் சின்னக் கோடு ஒன்று இழுத்தாள். பேனா குறிப்புப் பத்திக்கு வந்து நின்றது.

"நீ ஆஸ்பத்திரி வாசல்ல வந்து இறங்கினப்ப, மேகம் இருந்துச்சா?"

மகள் யோசிக்கத் தேவையில்லை. வாடகை வண்டிக்காரர் மீதிச் சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது அண்ணாந்து பார்த்திருந்தாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்.

"இல்லம்மா. தெளிவா இருந்துச்சு."

"நிலா?"

"இல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். பழுதா என்று அவள் கேட்கவில்லை, மூன்றில் எதுவும் காரணமில்லை. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பேனா முனை தாளைத் தொடாமல், தாளுக்கு ஒரு நூல் மேலே, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

பிறகு அம்மா பதிவேட்டை மேசைமேல் அரைச்சுற்றுத் திருப்பி மகள் முன்னால் வைத்தாள். மூடாத பேனாவை, முனை தன் பக்கம் இருக்கும்படி பிடித்து, அவளிடம் நீட்டினாள்.